கெர்னல் மாறிய சாயங்காலம்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனை யாரும் சந்தோஷமாக இருக்கும்போது கூப்பிடுவதில்லை. "எல்லாம் நல்லா ஓடுதுங்க, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று எனக்கு இதுவரை ஒரு போன் வந்ததில்லை. இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கும் வந்திருக்காது.

நான் இதற்கென்று படித்தவன் இல்லை. நாமக்கல்லில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். டிவி வருவது குறைந்ததும் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்ததில் சுற்று வட்டாரத்தில் கொஞ்சம் வாடிக்கை சேர்ந்தது. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு, சாயங்காலத்தில் போன் அடித்தால், அது திட்டுகிற போனாக இருந்தாலும் எடுத்துப் பேசப் பிடிக்கத்தான் செய்கிறது.

அணைக்காதவர்கள்

லினக்ஸில் கெர்னல் என்று ஒன்று உண்டு. மெஷினுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்குவது அதுதான். புதுக் கெர்னல் தானாகவே வந்து இறங்கிக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டால்தான் அது பொறுப்பேற்கும். எங்கள் பக்கத்தில் யாரும் அணைப்பதில்லை. ஓடுகிற மெஷினை எதற்கு நிறுத்துவது, நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்குமோ என்னவோ என்று பயம். ஆக, பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்தும் நாள்தான் எனக்குக் கண்டம். யூபிஎஸ் தீர்ந்து எல்லாம் ஒன்றாகப் படுக்கும். கரண்டு வந்ததும் எல்லாம் ஒன்றாகப் புதுக் கெர்னலோடு எழும்.

அன்றைக்குப் பெரிய லைனில் வேலை. காலையில் போன கரண்டு நாலு மணிக்கு வந்தது. நான் டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ராமசாமியண்ணன் கூப்பிட்டார். "ஏனுங்க, கரண்டு வந்திருச்சு, லைட்டு எரியுது, ஃபேனு சுத்துது. நெட்டு மட்டும் இன்னும் ஊட்டுக்கு வரலீங்களே?"

புது எஞ்சின்

ராமசாமியண்ணனுக்குக் கெர்னல் என்றால் புரியாது, லாரி புரியும். "எஞ்சின் புதுசா மாறியிருக்குதுங்கண்ணா. உங்க வைஃபை கருவி பழைய கியர் பாக்ஸ். ரெண்டும் கோத்துக்கலை" என்றேன். "அட, இதைச் சொல்லுங்க" என்றார். குரலில் ஒரு தெளிவு வந்துவிட்டது.

ஷிப்டை அழுத்திக்கொண்டே மெஷினைப் போடச் சொன்னேன். பட்டியல் வந்தது. இரண்டாவது வரிக்குள் போய், பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். நெட் வந்தது. பெருமையாக இருந்தது எனக்கு. அண்ணன் கேட்டார்: "பழைய எஞ்சினையே மாட்டி ஓட்டறதுக்கு, புது எஞ்சினை எதுக்குங்க எறக்குனீங்க?"

கட்டிப் போட்ட போன்

அடுத்தது நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டி. அங்கே பழைய கெர்னலை மெஷினே துடைத்து எறிந்திருந்தது. வைஃபை கருவியை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளைப் புதுசுக்கு ஏற்றபடி இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்குவதற்கு நெட் வேண்டும். நெட் வருவதற்கு அந்த டிரைவர் வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் சாவி. இந்த அவஸ்தையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரே வழி, போனைக் கேபிளில் மாட்டி அதன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது. மண்டி முதலாளி தங்கவேல் தன் போனை மாட்டினார். கணக்கு எழுதும் விஜயா தன் போனில் என்னோடு பேசிக்கொண்டே வேலையைச் செய்தார். ஆனால் மண்டிக்காரர் போன் சும்மா இருக்குமா? மணி அடித்தவுடன் முதலாளி பழக்கத்தில் எடுத்துக் காதில் வைப்பார். கேபிள் பிடுங்கிக்கொள்ளும். முதலிலிருந்து ஆரம்பிப்போம். கடைசியில், "போன் மேசையிலேயே இருக்கட்டுங்க, நீங்க அதுகிட்டப் போய்ப் பேசுங்க" என்றேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, மேசையில் காதை ஒட்டிக் குனிந்தபடி ஈரோட்டு ஆளிடம் விலை பேசினார். டிரைவர் இறங்கியது. விஜயா குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "முதலாளி ஒருத்தருக்குக் குனிஞ்சு இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

அசையாத எண்

மூச்சு விட்டபோதுதான் உறைத்தது. எருமப்பட்டி செல்வராஜ் கூப்பிடவே இல்லை.

செல்வராஜும் அவர் மனைவி மரகதமும் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறார்கள். போன வெயிலில் ஒரு ஈடு முட்டை முழுதும் சூட்டில் வெந்துபோனது. இதுவும் போனால் பொரிப்பகத்தைச் சாத்திவிடுவதென்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மறுநாள் விடிந்தால் குஞ்சு வெளியே வர வேண்டும். பொரிக்கும் மெஷினின் சூட்டை அங்கிருக்கும் கம்ப்யூட்டர் செல்வராஜ் போனுக்கு அனுப்பும்படி நான்தான் செய்து கொடுத்திருந்தேன். போனில் தெரிகிறதே என்று அவர் மெஷினின் அபாய மணியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

கூப்பிட்டேன். பரமத்தி வேலூரில் ஒரு விசேஷ வீட்டில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம். "நம்மளுது அருமையா இருக்குதுங்க. தொண்ணூத்தெட்டரை டிகிரி. நாலு மணியிலிருந்து ஒரு புள்ளி அசையலீங்க" என்றார்.

ஓடுகிற மெஷினில் சூடு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அசையவில்லை என்றால் எண் வரவில்லை என்று அர்த்தம். பகலெல்லாம் ஜெனரேட்டரில் ஓடியது நாலு மணிக்குக் கரண்டுக்கு மாறியபோது கம்ப்யூட்டரும் அணைந்து எழுந்திருக்கிறது. அதற்கு முன் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு இவர் சந்தோஷமாகப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஊட்ல இருந்து யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"மரகதந்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கறா. ரூம்பு அனலா அடிக்குதாம். போன்ல கரெக்டா காட்டுது, நீ சும்மா இருன்னு சொல்லீட்டனுங்க."

அவர் போனைத் துண்டித்துவிட்டு மரகதத்தைக் கூப்பிட்டேன். வந்த கரண்டின் மூன்று பேஸில் ஒன்று வராமல், சூட்டை வெளியே தள்ளும் விசிறி சுற்றவில்லை. கதவைத் திறங்கள், ஜெனரேட்டருக்கு மாற்றுங்கள் என்று நான் படபடவென்று சொல்லிக்கொண்டே போக, அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. "போட்டாச்சுங்க சாமி. அவரு சரின்னு சொல்ற வரைக்கும் நின்னிருந்தா, குஞ்செல்லாம் ஓட்டுக்குள்ளயே வெந்திருக்கும்."

பக்கத்தில் ஒரு மணி

இருட்டுவதற்குள் வண்டியில் போய், பழைய கெர்னலை ஏற்றி நெட்டைக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. முட்டைக்குள் என்ன நடந்திருக்கிறதென்று மூவருக்கும் தெரியாது. செல்வராஜ் விசேஷ வீட்டுச் சட்டையோடு வந்து மெஷின் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார். மரகதம் அவரைப் பார்க்கவே இல்லை.

காலையில் மறுபடி போனேன். ரூம் வாசலிலேயே கீச்சுக் கீச்சென்று காது அடைத்தது. ஓரத் தட்டில் கொஞ்சம் குஞ்சுகள் செத்துப்போயிருந்தன. மீதியெல்லாம் ஈரம் காயாத இறகோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தன. பரணிலிருந்த அபாய மணி பழைய இடத்துக்கு வந்திருந்தது. நான் உட்கார்ந்து, போனில் எண்ணுக்குப் பக்கத்தில் அது எத்தனை மணிக்கு வந்தது என்பதும் தெரியும்படி மாற்றினேன். செல்வராஜ் அதை மனைவியிடம் நீட்டி, "இங்க பாரு, இனி ஏமாறவே முடியாது" என்றார். மரகதம் போனை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "நாஞ் சொல்ற பேச்சுக்கும் பக்கத்துல இப்படி ஒரு மணியைப் போட்டு உடுங்க சாமி, எப்பச் சொன்னேன்னு அவருக்கும் தெரியட்டும்."

ஆகவே தொழில்காரர்களே, கெர்னல் மாறிய நாளில் உங்களைக் கூப்பிட்டுத் திட்டாத வாடிக்கையாளர் யாரோ, அவர் வீட்டுக்குத்தான் வண்டியை முதலில் விட வேண்டும்.