அப்பிச்சி வீட்டுக்கு ரோஸ் பெயின்ட்

எங்கள் சித்தியின் அப்பா அயர்லாந்துக்காரர். டப்ளினுக்கு வேலைக்குப் போன சித்தப்பா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, சில வருஷம் கழித்துச் சித்தியோடு குன்னூருக்கே திரும்பிவிட்டார். எங்கள் வீட்டை ஒட்டியிருந்த காலி மனையில் அவர்களுக்கு வீடு கட்டித்தர வந்தவர்தான் சித்தியின் அப்பா. அம்மாவைப் பெற்றவரை அப்பிச்சி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தியைப் பெற்றவரும் அந்த முறைதானே என்று அவரையும் அப்பிச்சி என்றே கூப்பிட்டேன். எந்த நிலைப்படியிலும் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். நான் கூப்பிட்டால் இடுப்பு வரை குனிந்து காது கொடுப்பார். அப்போது எனக்கு எட்டு வயது.

அவர் ஊரில் அவர் பேர்போன ஆர்கிடெக்ட். சித்தி லேப்டாப்பில் படங்களைக் காட்டினார். இளவயதில் கட்டிய சர்ச் வட்டமாக, கோபுரமே இல்லாமல் இருந்தது. அப்புறம் ஒரு பஸ் ஸ்டாண்ட், ஒரு நூலகம், நீள நீளமாக ஜன்னல் வைத்த ஒரு பள்ளிக்கூடம். எல்லாமே தட்டைக் கூரை, சாம்பல் நிறக் கான்கிரீட், பூச்சும் இல்லை, பெயின்ட்டும் இல்லை.

"ஒண்ணக்கூட முடிக்க உடாம தொரத்திட்டாங்களாட்ட இருக்குது, பாவம்" என்றார் அம்மா.

அந்தக் காலத்தில் பரிசு கொடுத்துக் கொண்டாடினார்களாம். பிறகு அதே ஊர்க்காரர்களுக்கு அவை அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்து, சர்ச்சுக்கு டைல்ஸ் ஒட்டினார்கள், பஸ் ஸ்டாண்டைத் தகரம் போட்டு மூடினார்கள், பள்ளிக்கூடத்தை இடித்தே விட்டார்கள். இதைச் சொல்லும்போது சித்தியின் குரல் இறங்கிவிட்டது. எனக்கோ பள்ளிக்கூடம் இடிபடும் பாக்கியம் பெற்ற அந்த ஊர்ப் பிள்ளைகள் மேல் பொறாமை தாங்கவில்லை. இந்த வீடுதான் தன் அப்பா கட்டும் கடைசிக் கட்டடம், இதையாவது அவர் நினைத்தபடி விட்டுவைக்க வேண்டும் என்றார் சித்தி. அதற்கும் நான் பெரிய மனுஷி போலத் தலையாட்டி வைத்தேன்.

அப்பிச்சி வேலை செய்யும் அழகைப் பார்த்துத் தெருவே சிரித்தது. கான்கிரீட் ஊற்றச் சென்ட்ரிங் அடிக்கும் பலகைக்காக எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்து சில்வர் ஓக் மரமாகப் பார்த்து வாங்கினார். ஒவ்வொரு பலகையையும் வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்து, துணியால் துடைத்து, எது எதற்குப் பக்கத்தில் என்று அவரே அடுக்கினார். எப்படியும் பிரித்துப் போடப்போகிற பலகைக்கு இத்தனை சீராட்டா என்று மேஸ்திரி முணுமுணுத்தார். பலகையைப் பிரித்த அன்று பார்த்தால், மரத்தின் ரேகையெல்லாம் சுவரில் அப்படியே பதிந்திருந்தது. அப்பிச்சி அந்தச் சுவரை, கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினார்.

வந்தது வினை. வீடு முடிந்துவிட்டது என்று அவர் சொல்லிவிட்டார். தையில் புதுமனை புகுவிழா, கோயமுத்தூரிலிருந்து உறவெல்லாம் வரப்போகிறது, வீடோ பூசாமல் மொட்டையாக நிற்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் அப்பாவிடம், "ஏனுங்க, பூச்சு வேல எப்பங்க?" என்று கேட்டார்கள். அப்பா குன்னூர் பஜாரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். அவருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

பூசாமல் விடுவதுதான் அப்பிச்சியின் பாணி என்று சித்தப்பா நூறு தடவை சொன்னார். மாமனாரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். "சம்பந்திக்கு கைல முடையா இருக்கும். நம்மகிட்ட வாயத் தொறந்து சொல்லுவாரா? நாமதான் பாத்துச் செய்யோணும்" என்றார் அம்மாவிடம். விழாவுக்கு முந்தின நாள் சித்தப்பாவிடம் கார் சாவியைக் கொடுத்து, சம்பந்திக்குப் பைக்காரா அருவியைக் காட்டிவிட்டுச் சாயங்காலம் வந்தால் போதும் என்று மூன்று பேரையும் அனுப்பிவைத்தார். கார் வளைவு திரும்பியதுமே கடையின் வாடிக்கை பெயின்டர்கள் அத்தனை பேரும் ஏணியோடு வந்து இறங்கினார்கள். அப்பா கலர் அட்டையை என் கையில் கொடுத்து, "நீயே ஒண்ணு சொல்லு கண்ணு" என்றார். யோசிக்கவே இல்லை. ரோஸைத் தொட்டேன்.

மூன்று பக்கமும் முடிந்தது. பின்பக்கம் தேயிலைச் சரிவு, ஏணி நிற்கவில்லை. வெளிச்சமும் போய்விட்டதால் அதை அப்படியே விட்டார்கள். கார் வந்து நின்றபோது வீடு பஞ்சுமிட்டாய் மாதிரி ஜொலித்தது. சித்தப்பா இறங்கவே இல்லை. சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். அப்பிச்சி மட்டும் இறங்கி, வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். மாலையோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். பெயின்ட் அப்பிய சட்டையோடு இளித்துக்கொண்டு நின்ற ஆட்களைப் பார்த்தார். பிறகு, கலர் யார் எடுத்தது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

வழக்கம்போல் குனிந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, தனக்குத் தெரிந்த தமிழில், "நல்லா இருக்கு" என்றார். அப்புறம் கழுத்தை நீட்டி அப்பாவிடம் மாலையை வாங்கிக்கொண்டார். எனக்குப் பூரிப்பில் கால் தரையில் பாவவில்லை. விழாவுக்கு வந்தவர்களிடம் எல்லாம் அவர் குலுக்கிய கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெள்ளைக்காரர் கட்டினாலும் நம்மூர் லட்சணமாகக் கட்டியிருக்கிறார் என்று உறவுகள் மெச்சிப் பால் குடித்தார்கள்.

ஊருக்குக் கிளம்பும் வரை அப்பிச்சி தினமும் டீ டம்ளரோடு வீட்டின் பின்பக்கம் போய்விடுவார். முன்பக்கம் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஈரச் சரிவில் ஸ்டூலைப் போட்டு, பெயின்ட் படாத அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பிச்சி உட்காரும் இடத்தில் மட்டும்தான் பெயின்ட் இல்லை, பாவம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கும் சுருக்கென்றது. மறுநாளே சாரம் கட்ட மூங்கில் வந்து இறங்கியது.

மூங்கிலைப் பார்த்ததும் அப்பிச்சி எழுந்தார். சுவரோடு சுவராக நின்று, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, "போதும், போதும்" என்றார்.

"பாத்தியா, நமக்கு மேக்கொண்டு செலவு வெக்கக் கூடாதுன்னு பாக்கறாரு. எப்பேர்ப்பட்ட மனுசன்!" என்று அப்பா நெகிழ்ந்துபோனார். மூங்கிலைத் திருப்பி அனுப்பினார். கை விரித்து நின்ற கோலத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், அப்பிச்சியும் சிரித்தார். சித்தி மட்டும் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு சுவர் குறைகிறதே என்று அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.