மூன்று நாள் விடைகள்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. இணையவழி வகுப்புக்கு வந்துவிட்டு வாயே திறக்காமல் இருக்கும் மாணவர்களை எப்படிப் பேசவைப்பது?

கொரோனாவில் கல்லூரிகள் பூட்டிக் கிடந்த காலம். சுசீந்திரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே அப்பா, அறுப்பு மெஷின் வருமா வராதா என்று யாரிடமாவது போனில் கத்திக்கொண்டிருப்பார். என்னோடு அதே பேராசிரியரிடம் ஆய்வு செய்த தோழி இரணியல்காரி. கணினி வேலை முழுக்க அவளுடையது. வகுப்புக்கு வந்தும், கடைசியில் கேட்கப்படும் வினாக்களுக்கு விடை அனுப்பாதவர்களின் போனுக்குச் சாயங்காலம் தானாகவே ஒரு செய்தி போகும்படி செய்திருந்தாள். செய்தியின் வாசகம் என்னுடையது. ஒரு வாரம் அதைத் திருத்தித் திருத்தி எழுதினேன்.

'இன்றைய வினாக்களுக்கு நீங்கள் இன்னும் விடை அனுப்பவில்லை. உங்கள் வகுப்பில் பெரும்பாலோர் முடித்துவிட்டார்கள். நீங்கள் பின்தங்கிவிடக் கூடாது.'

கடைசி வரியில் ஒரு அக்கறை இருப்பதாக எனக்கு அப்போது பட்டது.

ஆய்வுக்குச் சம்மதித்த மாணவிகளில் ஒருத்தி, கடற்கரை ஊரான இனயத்துப் பெண். முதலாமாண்டு கணிதம். ஒரு வகுப்பையும் விட்டதில்லை. முதல் நிமிடம் நுழைந்தால் கடைசி நிமிடம்தான் வெளியேறுவாள். ஆனால் கேமரா கிடையாது, குரல் கிடையாது, விடை கிடையாது. எங்கள் பட்டியலில் அவள் 'மௌனப் பங்கேற்பாளர்'. தினமும் அவளுக்குச் செய்தி போயிற்று.

இரண்டாவது வாரம் ஒரு பதில் வந்தது. "சாரி மிஸ். நாளைக்கு எழுதிருவேன்."

மறுநாள் எல்லா வினாக்களுக்கும் விடை வந்தது. எல்லாம் சரி. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. தோழி போனில் கூவினாள். "ஏட்டி, பாத்தியா? நம்ம மெசேஜ் வேல செய்யுது!"

நான்காம் நாள் அந்தப் பெண் வகுப்புக்கே வரவில்லை. பிறகு வரவேயில்லை. மூன்று நாள் மேலே ஏறித் தரைக்கு இறங்கிய அவளுடைய வரைபடக் கோட்டை ஓர் இணையக் கருத்தரங்கில் நான் காட்டினேன். "ஒரே வாசகத்தின் பலன் சில நாள்தான் நிற்கிறது, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்" என்று விளக்கினேன். நல்ல கவனிப்பு என்று ஒருவர் பாராட்டினார்.

பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் மாணவிகளை நேரில் பார்த்துப் பேசப் போனேன். கருங்கலில் இறங்கி வேறு பஸ் பிடித்து இனயத்துக்குப் போய் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவளே கதவைத் திறந்தாள். உள்ளே சுவரில் ஒரு பெண்ணின் படம், கீழே சின்ன சிவப்பு பல்பு. யாரென்று நான் கேட்கவில்லை. பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். நான் கேள்வித்தாளை எடுத்து வாசித்தேன். விடையளிக்கத் தடையாக இருந்தது எது? சிக்னலா, போனா, ஆர்வமின்மையா?

"அம்மைக்கு சொகமில்லாம இருந்தது மிஸ்" என்றாள்.

புற்றுநோய். திருவனந்தபுரத்தில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கேரள எல்லையை அடைத்ததும் போக முடியாமல் ஆயிற்று. அப்பா வளைகுடாவில் மீன்பிடிப் படகில் மாட்டிக்கொண்டார். தங்கை சின்னவள்.

"போன் அம்மைக்க தலமாட்டுல இருக்கும். கிளாஸ ஸ்பீக்கர்ல போடச் சொல்லும். ஒண்ணும் மனசிலாவாது. ஆனாலும் கேட்டுட்டே கெடக்கும். எம்மோளு காலேஜில படிக்கான்னு சொல்லிச் சிரிக்கும். நான் காலு தடவிக் குடுத்துட்டு இருப்பேன். அதான் எழுத முடியல்ல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். எத்தனை மோசமான பேச்சு அது. சொல்வதற்கு எங்கள் செய்தியில் எங்கே இடமிருந்தது?

அவள் கையிலிருந்த துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு நா உங்க மெசேஜை அம்மை வாசிச்சிருச்சு மிஸ். என்னாலதானே மக்கா நீ பின்னால போறன்னு அழுதுச்சு. இனி இங்க இருக்காத, அடுக்களைல போய் எழுதுன்னு சொல்லிச்சு. மூணு நாளு போனையும் எடுத்துட்டு அங்க இருந்துதான் எழுதினேன். மூணாவது நா எழுதி அனுப்பீட்டு வந்து பாத்தேன். அம்மை போயிருந்துச்சு."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "எல்லாம் சரியாத்தானே எழுதியிருந்தேன் மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் சரி" என்றேன். கேள்வித்தாளில் மீதி இருந்த பக்கங்களை நான் திருப்பவில்லை.

தோழியிடம் சொன்னேன். அன்றைக்கே அவள் செய்தி அனுப்பும் நிரலை நிறுத்திவிட்டாள். எங்கள் பேராசிரியர் இரக்கமில்லாதவர் அல்ல. நான் சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "இத எந்த அத்தியாயத்தில வைக்க? டேட்டாவுல அந்தப் பிள்ளைக்க வரிசைய எடுத்திரு. அதுதான் மரியாத" என்றார். எடுத்தேன். மறுபடி கணக்கிட்டுப் பார்த்ததில் முடிவுகள் எதுவும் மாறவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இடத்தில் ஓர் எண் மாறியது, அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

பட்டம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. போன வருடம் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஜவுளிக்கடைச் சீருடை போட்டிருந்தாள். கல்லூரியை அப்போதே விட்டுவிட்டதாகவும், தங்கை இப்போது பிளஸ் டூ என்றும் சொன்னாள்.

"உங்க படிப்பு தீந்துதா மிஸ்?"

"முடிஞ்சுதும்மா."

"புக்கு மாதிரி போடுவீங்கல்லா, அதுல நான் உண்டா?"

எனக்குப் பொய் வரவில்லை. "இல்ல. உன்னுடையத எடுத்துட்டோம்."

"ஓ" என்றாள். "அம்மை கேட்ட கிளாஸு இல்லியா மிஸ்? ஒரு வரியாவது இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் அதிகம். பின்வாசல் வழியாக ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.