பனிமலைத் தண்ணீரில் ஒரு பிளீச்சிங்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், பல்லடம் ரோட்டில் துணிக்குச் சாயம் போடும் ஒரு டையிங் யூனிட்டில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். போர் தண்ணீர் உப்பாகிவிட்டதால் லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு.

மெஷின் ஆபரேட்டர் தேவேந்தர் இமாசலக்காரர். நாங்கள் தண்ணீருக்கு அழும்போதெல்லாம், "எங்க ஊர்ல பனி உருகி வர்ற தண்ணி சார், கண்ணாடி மாதிரி" என்று வெறுப்பேற்றுவார்.

"அளக்காதீங்க. ஒரு கேன் கொண்டாங்க. அதுல பிளீச் பண்ணி வெள்ளைன்னா என்னன்னு காட்டறேன்" என்றேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

மனைவியின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர், பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் இனிப்போடு கேனையும் ரயிலில் சுமந்து வந்துவிட்டார்.

பனித் தண்ணீர்தானே என்று நான் டெஸ்ட்டே போடவில்லை. வெளுக்க வைக்கும் காஸ்டிக், பெராக்சைடு சேர்த்துப் பனியன் துணியைப் போட்டுச் சூடேற்றினேன். வேடிக்கை பார்க்க டையிங் மாஸ்டரையும் அழைத்திருந்தேன். துணியை விரித்தால் அங்கங்கே பொத்தல். அதன் வழியே மாஸ்டரின் முகம் தெரிந்தது.

"ஏனுங்க, நாம எப்பருந்து கொசுவலை ஆர்டர் எடுக்கறோம்?"

தண்ணீரில் இரும்பு இருந்தால் பெராக்சைடு வெறிபிடித்து நூலையே தின்றுவிடும். டையிங்கில் சேர்ந்ததும் சொல்லித்தரும் பாடம் இது. கேனின் அடியில் துருநிற வண்டல். மிச்சத் தண்ணீரில் நனைத்த பிஹெச் தாளும் ஆசிட் என்றது.

தேவேந்தர் தயங்கினார். "கொஞ்ச வருஷமா ஓடைக் கல்லெல்லாம் செவப்பாவுது சார். இரும்பு ரத்தத்துக்கு நல்லதுன்னு எங்க அம்மா சொல்றாங்க. வீட்ல எல்லாரும் அதான் குடிக்கறாங்க."

கெமிஸ்ட்ரி படித்த மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார். "வெயில் கூடக்கூடப் பனி பின்வாங்குதுங்க. இத்தன காலம் உறைஞ்சு கெடந்த பாறைல காத்தும் தண்ணியும் படுது. பாறைல இருக்கற கந்தகம் ஆசிட்டா மாறி, இரும்போட வேற உலோகத்தையும் கரைச்சுக் கொண்டாரும். என்னென்ன இருக்குதுன்னு பெரிய லேப்ல பாக்கோணும். அதுவரைக்கும் பச்சக் கொழந்த இருக்கற ஊட்டுல அது வேண்டாமுங்க."

தேவேந்தர் என் செல்லில் ஊருக்குப் பேசினார். ஆசிட், இரும்பு என்று இந்தியில் மன்றாடினார். அம்மா திட்டியது எனக்கே கேட்டது.

"வேற ஊத்து மேட்டுல இருக்கு சார், அங்க கல்லு செவக்கல. பாக்கச் சுத்தமா இருக்கற தண்ணிய விட்டுட்டு மருமக எதுக்கு மலை ஏறணும்ங்கறாங்க."

மறுநாள் அந்தப் பொத்தல் துணியையும், நல்ல தண்ணீரில் பிளீச் செய்த துண்டு ஒன்றையும் எது எந்தத் தண்ணீர் என்று எழுதிக் கவரில் போட்டு அவர் ஊருக்கே தபாலில் அனுப்பினோம். என் கையிலிருந்து மனமறிந்து வெளியே போன ஒரே ரிஜெக்ட் பீஸ் அது.

சில வாரம் கழித்துத் தகவல் வந்தது. அம்மா இரண்டு துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டு ஊற்றுக்கு அவரே கிளம்பிவிட்டாராம்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் முதலில் டெஸ்ட் போடுங்கள். ரிசல்ட் மோசமென்றால் நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், துணியைக் காட்டுங்கள்.