சத்தியபாய் அக்கா கேட்ட டீசல் சத்தம்

சத்தியபாய் அக்கா காலையில் ஆட்டோவை எடுப்பதற்கு முன்னால் அதன் பின்பக்கக் கம்பியைப் பிடித்து மூன்று முறை ஆட்டுவாள். பிறகு குனிந்து, டீசல் டேங்க் இருக்கும் இடத்தில் இடது காதை வைப்பாள். "உண்டு" என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் சேலைக்கு மேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறுவாள். அவள் வீட்டு முற்றம் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் கல்யாணமாகி இங்கே வந்த எட்டு வருடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோவில் மீட்டர் இல்லாமல் இல்லை. டீசல் காட்டும் முள் ஒன்று உண்டு. ஆனால் டேங்க் நிறைந்திருந்தாலும் அது காலி என்ற கோட்டிலேயே கிடக்கும். சரி செய்யச் சொன்னால் அக்கா சிரிப்பாள். "அது செத்து ஒம்பது வருசம் ஆச்சு மக்கா. செத்ததை எதுக்கு எழுப்பணும்?" என்பாள்.

அந்த ஆட்டோ அவள் கணவர் ஈசாக் ஓட்டியது. அவர் மஞ்சள் காமாலையில் இறந்தபின் பத்து மாதம் தார்ப்பாய் மூடி முற்றத்தில் கிடந்தது. ஒருநாள் அக்காவே தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, தங்கை மகன் பினுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, சர்ச் மைதானத்தில் ஓட்டிப் படித்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பாறசாலை ஸ்டாண்டில் அதற்கு முன் பெண் யாரும் வண்டி போட்டதில்லை. மகள் லிஜாவை நர்சிங் படிக்க வைத்தது அந்த ஆட்டோதான். லிஜா பெங்களூருக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. "வண்டியை விட்டா நான் யாரு?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாறசாலையில் பங்க் இருந்தாலும் அங்கே டீசல் அடிக்கமாட்டார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி, எல்லைக்கு அப்புறம் களியக்காவிளையில்தான் அடிப்பார்கள். தமிழ்நாட்டில் லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைவு. அந்தப் பக்கம் சவாரி கிடைக்கும்வரை டேங்கில் கிடப்பதை வைத்து ஓட்டுவார்கள். அதனால் வாரத்துக்கு ஒருத்தராவது வழியில் நின்றுபோய், குப்பியும் கையுமாக நடந்து வருவார். சத்தியபாய் அக்கா மட்டும் ஒருமுறைகூட நின்றதில்லை.

ஸ்டாண்டில் ராபின்சன் என்று ஒரு டிரைவர் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் அவர் அக்காவைச் சோதித்துப் பார்த்தார். அப்போது நான் கடைக்குப் போய்த் திரும்பி, அவள் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

"சேச்சி, இப்பம் எத்தற லிட்டர் உண்டு? சொல்லுங்க பாப்பம். தப்பினா எனக்கு ஒரு சாயா."

அக்கா இறங்கி, வண்டியை ஆட்டி, காதை வைத்தாள். "ரண்டு. கூடிப்போனா ரண்டேகால்."

அவர் விடவில்லை. குழாய் போட்டு வாளியில் இறக்கி, குப்பியால் அளந்து பார்த்தார். இரண்டு லிட்டரும் கொஞ்சமும் இருந்தது.

"இது செவியா, யந்திரமா?" என்றார் ராபின்சன்.

"பொண்ணுக்க செவியாக்கும்லே. போய் சாயா வாங்கிட்டு வா" என்றாள் அக்கா. ஸ்டாண்டே சிரித்தது.

கடந்த ஒன்றிரண்டு வருடமாக நான் சில விஷயங்களைக் கவனித்தேன். அவள் முற்றத்துக் கட்டிலில் கிடக்கும் போன் அடித்து அடித்து ஓயும். அவள் அருகிலேயே துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். நான் வேலிக்கு இப்புறம் நின்று எதையாவது சொன்னால், "என்னா?" என்று இரண்டு முறை கேட்பாள். மூன்றாம் முறை கேட்காமல் தலையை ஆட்டிவிடுவாள். எனக்குச் சத்தமாகப் பேசவராது. சின்னதிலிருந்தே எல்லோரும் என்னிடம் "வாயைத் திறந்து பேசு" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் குறை என் குரலில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாசியில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி. என் கணவர் தாணு தோட்டத்தில் காய்ந்த தென்னை ஓலையை இழுத்தார். ஓலைக்குள் கடந்தல் கூடு இருந்திருக்கிறது. கடந்தல் என்பது மஞ்சள் வரி போட்ட பெரிய குளவி. தலையிலும் கழுத்திலுமாக ஏழெட்டு இடத்தில் கொட்டிவிட்டது. அவர் வீட்டுக்குள் வந்து சேர்வதற்குள் கண் மூடிப்போகும் அளவுக்கு முகம் வீங்கியது. உதடு தடித்தது. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் வேலி தாண்டி ஓடினேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போவம். ஆளை ஏத்து" என்றாள். அந்த அவசரத்திலும் வண்டியை மூன்று முறை ஆட்டி, காதை வைத்தாள்.

"உண்டு. போயிட்டு வரத் தாராளம் உண்டு."

வழியில் ஒரு பங்க்கைத் தாண்டினோம். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் நினைக்கவில்லை. தாணுவின் தலை என் தோளில் இருந்தது. அவர் கையால் என் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுவது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரக்கோணத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில், வளைவில், வண்டி இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. அக்கா சாவியைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். எதுவும் நடக்கவில்லை.

அவள் இறங்கிப் பின்னால் போனாள். கம்பியைப் பிடித்து ஆட்டினாள். குனிந்து காதை வைத்தாள்.

"எண்ணை உண்டு. நல்லாக் கேக்குது. வேற என்னமோ கோளாறாக்கும்."

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. குறுகிய ரோடு, எங்கள் வண்டி நடுவில். டிரைவர் ஹார்னை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். அது பெரிய ஏர் ஹார்ன். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பக்கத்து மரத்திலிருந்து காக்கைகள் எழுந்து பறந்தன. பஸ்ஸின் முகம் அக்காவின் முதுகிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. அவள் திரும்பவில்லை. குனிந்தபடியே, இடது காதை டேங்கில் வைத்து, வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கேக்குதுல்லா? நீயும் கேளு மக்கா. களக் களக்குன்னு கேக்குதுல்லா?"

ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் என்னைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். அந்த முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

கண்டக்டர் படியிலிருந்து குதித்து வந்தார். "எந்தா சேச்சீ, செவி கேக்கூலே? வண்டி மாற்று!" என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார். அதற்கும் அவள் திரும்பவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் தாணுவைக் காட்டினேன். வாயிலிருந்து எப்படி வந்ததோ, "மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"எடா, ஆளுக்குச் சுகமில்லா! பிடி, பிடி!" என்று கண்டக்டர் பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். நாலைந்து பேர் இறங்கி வந்து தாணுவைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். ஆட்டோவை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பஸ் எங்கும் நிற்காமல் காரக்கோணத்துக்குப் போனது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற வண்டியைப் பிடித்து அக்கா இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, அரைமணி நேரம் கழித்துத்தான் தாணுவின் உதட்டில் நிறம் வந்தது. நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மதியம் பினு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் அமரவிளையில் ஒரு வொர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறான். இரண்டு நாளைக்கு முன் பிரேக் பார்க்க அக்காவின் ஆட்டோவை அங்கே கொண்டுபோயிருந்தான்.

"டேங்க் காஞ்சு கிடக்குது அக்கா, ஒரு சொட்டு இல்ல" என்றான் என்னிடம். "நான் அண்ணைக்கே சொன்னேன். முள்ளைச் சரியாக்க டேங்கைக் கழத்தினேன். உள்ள முழுக்க அழுக்கு. பழைய டீசலை எல்லாம் கொட்டிட்டு ஒரு லிட்டர் ஊத்தினேன். முள்ளு இனி சரியாக் காட்டும், முதல்ல போய் டீசல் அடிச்சிடுங்க பெரியம்மேன்னு சொன்னேன். வண்டியைத் தொடச்சிக்கிட்டு நிண்ணாங்க. தலையாட்டினாங்க."

முள் அன்று காலையும் காலிக் கோட்டில்தான் இருந்தது. நானே பார்த்தேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அது உண்மையைச் சொன்னது. எங்கள் இரண்டு பேருக்கும் அது செத்த முள்தான்.

பினு மாத்திரை வாங்கப் போனான். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் முகத்துக்கு நேரே திரும்பி, மெதுவாகச் சொன்னேன். "பஸ் ஹார்ன் அடிச்சுது அக்கா. உங்களுக்குப் பின்னாலயே."

என் உதட்டைப் பார்த்தாள். "எப்பம்?"

"நீங்க குனிஞ்சு நிண்ணப்பம். ரொம்ப நேரம் அடிச்சுது."

அவள் இடது காதை உள்ளங்கையால் தேய்த்தாள். பிறகு, "எனக்கு டீசல் கேட்டுது மக்கா. ஆண்டவர் அறிய, கேட்டுது. இப்பம் இங்க இருக்கேன், இப்பமும் கேக்குது" என்றாள். என் கையைப் பிடித்தாள். "நீ முன்னமே அறிஞ்சியா?"

"எனக்கச் சத்தம் சின்னது, அதான் உங்களுக்கு எட்டல்லன்னு நெனச்சேன்."

"நல்ல கூட்டு" என்றாள். "ஒருத்திக்குச் சத்தம் இல்ல, ஒருத்திக்குச் செவி இல்ல. நடுவுல கிடந்து தாணு சாவப் பாத்தாரு." சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் கைகள் அப்போதும் டீசல் மணத்தன.

அடுத்த வாரம் நானே அவளோடு காது பார்க்கப் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு எப்போதாவது தூக்கினாள். இடது காதுக்கு ஒருமுறைகூட விரல் எழவில்லை. அது இன்றைக்கு நேற்றுப் போனதல்ல, நாலைந்து வருடம் ஆகியிருக்கும், எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போனது என்றார்கள்.

நாலைந்து வருடம் என்று கேட்டதும் எனக்கு ராபின்சனின் வாளிதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அந்தக் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. எத்தனை சவாரி போனோம், எவ்வளவு தூரம் ஓடினோம் என்பது அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மனசு அதைச் சத்தமாக்கிக் கொடுத்திருக்கிறது. பினு கொட்டிய டீசல் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. இதை நான் அவளிடம் சொன்னபோது, முதலில் என்னைக் கோபமாகப் பார்த்தாள். பிறகு, "அப்பம் இத்தன வருசம் நான் எதைக் கேட்டேன்?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சாவியைப் பினுவிடம் கொடுத்துவிட்டாள். யாரும் அவளை ஓட்டக்கூடாது என்று சொல்லவில்லை. "ஹார்ன் கேக்காதவ ஆளை ஏத்தக்கூடாது" என்று அவளே சொன்னாள்.

தாணுவுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. அக்கா வலது காதில் மிஷின் வைத்திருக்கிறாள். ஆட்டோவைப் பினு ஓட்டுகிறான். முள் சரியாகக் காட்டுகிறது. அது பாதிக்குக் கீழே இறங்கினால், எந்தப் பங்க் முதலில் வருகிறதோ அங்கேயே டீசல் அடிக்கிறான்.