எப்ப போறியள்?

கனடாவிலிருந்து வந்த மாமாவைக் கண்டதும் எல்லோரும் கேட்டது இதைத்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் வேறு என்ன கேட்பது என்று கிளிநொச்சியில் எங்களுக்குத் தெரியாது. "நான் போறேல்லை. இஞ்ச இருக்க வந்தனான்," என்று மாமா ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லுவார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, "அது சரி, எப்ப போறியள்?" என்பார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிடும்.

அவர் அம்மாவின் அண்ணன். ஏ9 வீதியோரம் மேல்மாடி வைத்து வீடு கட்டினார். மேலே ஓர் அறைக்கு மட்டும் இளநீலம் பூசுவித்தார். அது கனடாவில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகளுக்கு, என் மச்சாளுக்கு. மாமியும் அவளும் ஒருமுறை வந்து பார்த்தால் தங்கிவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

"இன்னும் அஞ்சு வருசத்தில இந்த ரவுணைப் பார்," என்பார் அம்மாவிடம். அவர் நம்பிய அளவுக்கு இந்த நகரத்தை இங்கே இருந்த ஒருவரும் நம்பவில்லை. மஞ்சள் கடவை வந்தால், ஆட்கள் கடக்கட்டும் என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுவார். கடக்க நின்றவர்களோ அசையமாட்டார்கள். ஒருநாள் ஓர் ஐயா கிட்ட வந்து, "என்ன தம்பி, பெற்றோல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். பின்னால் இருந்த எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

ஒரு விடுமுறைக்கு மாமியும் மச்சாளும் வந்தார்கள். மாமா புது வங்கிக் கட்டடங்களையும் குளக்கட்டையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். மாமி எல்லாவற்றையும் "நல்லா இருக்கு" என்றார், விருந்தாளிகள் சொல்வதுபோல. திரும்பும் வழியில் பாண் வாங்கக் கடைக்குப் போனோம். "எப்ப பிள்ளை போறியள்?" என்று கடைக்காரர் மச்சாளைக் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை," என்றாள் அவள் உடனேயே.

மாமா பாணை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசை வாங்காமலே வெளியே போனார்.

அவர்கள் போன பிறகு, நீல அறையிலிருந்த மேசையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீ வைச்சுப் படி," என்றார் என்னிடம். படலையடியில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போலக் கேட்டார். மாமா விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

"வாற மாசம்," என்றார்.

அம்மா குசினிக்குள் போய் அழுதார். ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே இருந்த காலம் முழுக்க மாமா ஒரு சொக்கிலேற்கூடத் தந்ததில்லை. போய்விட்டு வருகிறவர்கள்தானே கொண்டுவருவார்கள்.

"வரேக்க கனக்கக் கொண்டு வாங்கோ மாமா," என்றேன், துள்ளிக்கொண்டு.