வீடு மாறி வந்தவள்

“அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்று அந்த அக்கா சொன்னபோது அவர் கை நிறையச் சோளத்தட்டு இருந்தது. மாட்டுக்குப் போட எடுத்து வந்தவர், என்னைக் கண்டதும் அதைக் கீழே போடவும் இல்லை, நகரவும் இல்லை. மார்போடு அணைத்துப் பிடித்தபடி வாசலில் நின்றார். மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்துக்கு நடுவில் இருந்த வீடு அது. அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதும் இல்லை. ஆனால் சின்ன வயதில் கன்றுக்குட்டி முட்டி இடது புருவத்தில் தழும்பு விழுந்த கதையை அவரே எனக்கு எழுதியிருக்கிறார். அந்தத் தழும்பு எனக்கு எதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான், அப்படி யாரும் இங்கே இல்லை என்பதையும் கேட்டேன்.

நான் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் கதை எழுதிப் பழகியவள். என்னைப் போல இணையத்தில் தொடர்கதை எழுதும் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆத்தூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவர் ஒற்றுப் பிழை திருத்தித் தருவார். யாருக்காவது கதை நின்றுபோனால் மற்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். யோசனை பெரும்பாலும் உதவாது. ஆனால் நம் கதாபாத்திரத்துக்காக முன்பின் தெரியாத ஒருத்தி சமையலை நிறுத்திவிட்டு யோசிக்கிறாள் என்பதே மறுநாள் எழுத வைத்துவிடும். இந்தக் குழுவைத் தொடங்கி நடத்தியவர்தான் அக்கா. முகப்புப் படத்தில் அவரது முகம் இருக்காது, ஒரு செவ்வந்திப் பூ இருக்கும். சொந்தப் பெயரும் எங்களுக்குத் தெரியாது, புனைபெயர் மட்டும்தான். வயதில் பெரியவர்கள்கூட அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

என் அப்பா இறந்த பிறகு நான் எழுதுவதை விட்டுவிட்டேன். குழுவில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். மனதைத் தேற்றிக்கொள், எழுத்து உன்னைக் காப்பாற்றும் என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு எதுவும் உள்ளே போகவில்லை. அக்கா ஆறுதலே சொல்லவில்லை. சில நாள் கழித்துத் தனியாக ஒரு கேள்வி அனுப்பினார். “உங்கப்பா சட்டைப் பாக்கெட்ல என்ன வெச்சிருப்பாரு சாமி?” லாரி ஓட்டியவர் என் அப்பா. ஒரு சின்னச் சீப்பு, பல்வலிக்குக் கடித்துக்கொள்ளக் கிராம்பு, மடித்து மடித்து நைந்துபோன சுங்கச்சாவடி ரசீதுகள். எழுதி அனுப்பினேன். அடுத்த நாள், “வண்டியில தூக்கம் வந்தா என்ன பண்ணுவாரு?” என்று கேட்டார். அதற்கடுத்த நாள் வேறொன்று. பதில் சொல்லிச் சொல்லி ஒரு நாள் பார்த்தால் அதுவே ஒரு கதையாகக் கிடந்தது. “இதுக்குப் பேரு வெச்சுப் போடு” என்று மட்டும் சொன்னார். அதைப் படித்த யார் யாரோ தங்கள் அப்பாக்களைப் பற்றி எனக்கு எழுதினார்கள். அன்றைக்குக் கம்பெனியில் தறிகள் ஓடுகிற சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதேன். அப்பா போன பிறகு அதுதான் முதல் அழுகை.

அப்படிப்பட்ட அக்காதான் ஒரு வைகாசியில் திடீரென்று பேச்சை நிறுத்தினார். அவருடைய தொடர்கதை பாதியில் நின்றது. கதையில் ஒருத்தி அம்மா வீட்டுக்குக் கிளம்பி, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். அத்தோடு சரி. “எழுதுங்க அக்கா, நாங்க இருக்கோம்” என்று குழுவில் வரிசையாகச் செய்திகள் போயின. எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது, பதில் இல்லை. பிறகு பார்ப்பதும் நின்றது. உடம்புக்கு முடியவில்லையோ, வீட்டில் எழுதுவது தெரிந்து பிரச்சினையோ என்று ஆளுக்கொன்று நினைத்தோம். நாங்கள் எல்லோரும் கதை எழுதுகிறவர்கள் என்பதால் நினைத்ததெல்லாம் மோசமாகவே இருந்தது. எனக்கு ஒருமுறை அவர் தோட்டத்து நிலக்கடலையைப் பார்சலில் அனுப்பியிருந்தார். அதன் மேல் பெயரில்லாமல் எழுதியிருந்த முகவரி என்னிடம் இருந்தது. கிட்டத்தில் இருப்பவளும் நான்தான். நீ போய்ப் பார்த்து வா என்றார்கள்.

அங்கே போய்த்தான் அந்தப் பதிலைக் கேட்டேன். “கதை எழுதுவாங்களே, அந்த அக்கா ஊடு இதுதானுங்களா?” என்று புனைபெயரையும் சொல்லிக் கேட்டேன். அதற்குள் மோட்டார் அறைப் பக்கமிருந்து அவருடைய வீட்டுக்காரர் வந்துவிட்டார். நரைத்த மீசை, சேறு காயாத கால். என்ன ஏதென்று அவர் கேட்க, அக்காவே சொன்னார். “யாரோ கதை எழுதறவங்களைத் தேடி வந்திருக்காங்க. ஊடு மாறி வந்துட்டாங்களாட்ட இருக்குது.” குரலில் சின்ன நடுக்கம்கூட இல்லை. என்னைப் பார்த்து, “வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க” என்றார். குடித்தேன். எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்று விசாரித்தார். எல்லாம் அவருக்குத் தெரியும். என் மகள் பெயர், அவள் படிக்கிற வகுப்பு, கணக்குப் பாடம் அவளுக்கு வராது என்பது வரைக்கும் தெரியும். புதிதாகக் கேட்பவர் போலத் தலையாட்டிக் கேட்டார். நானும் புதிதாகச் சொல்வது போலச் சொன்னேன். ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புருவத் தழும்பு யாருக்குத்தான் இருக்கக் கூடாது?

வீட்டுக்காரர் மொபெட்டில் என்னைப் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம், நான் சொன்ன பெயரில் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவராகவே ஒவ்வொரு வீடாக யோசித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். அதுதான் என்னை இன்னும் குழப்பியது. முரட்டு ஆளாக இருந்திருந்தால் பாவம் அக்கா என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, அவர் உயிரோடு திடமாக இருக்கிறார் என்ற சந்தோஷமும் வந்தது. எது முதலில் வந்தது, எது நின்றது என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியவில்லை. குழுவில், வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் அக்கா நலமாக இருக்கிறார் என்று அந்தப் பக்கத்தில் கேள்விப்பட்டேன் என்று எழுதினேன். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்றும் தெரியவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எழுத்து அல்ல, குரல். தறிச் சத்தம் கேட்காத தூரத்துக்கு, நூல் மூட்டைகள் அடுக்கியிருந்த கொட்டகைக்கு ஓடினேன்.

“கோவமா இருக்கறயா சாமி?”

“கோவமில்லீங்க அக்கா. கொழப்பமா இருக்குது.”

“எனக்கும் அப்படித்தான் இருக்குது” என்றார்.

பிறகு அவரே சொன்னார். வீட்டில் யாரும் எழுதக் கூடாது என்று சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் படிக்கக் கொடு என்றுதான் கேட்பாராம். முதலில் சொல்ல நேரம் வரவில்லை, பிறகு இத்தனை வருஷம் சொல்லாததை எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது. “அதுக்குன்னு உன்னைத் தெரியாதுன்னு சொல்லணும்னு நான் நெனைக்கல. நீ அந்தப் பேரைச் சொன்ன பாரு, கையில சோளத்தட்டோட நிக்கறேன், அது யாரோ வேற ஒருத்தின்னுதான் எனக்குத் தோணுச்சு. இல்லைன்னு சொன்னது பொய்யின்னே அப்ப தெரியல.”

ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கதை வரவில்லை என்றார். வராது என்று தெரிந்துவிட்டது, அதைச் சொன்னால் நீங்கள் எல்லோரும் தைரியம் சொல்வீர்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றார். “நீங்க எழுதுங்க எழுதுங்கன்னு சொல்லச் சொல்ல, கைப்பேசியை எடுக்கவே பயமா இருந்துச்சு. நான் உங்களுக்கெல்லாம் இதைத்தான பண்ணிட்டு இருந்தேன்? அது உங்களுக்குத் தெம்பா இருந்துச்சா, தொந்தரவா இருந்துச்சா? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

தெம்பாகத்தான் இருந்தது என்றேன். அப்பாவின் சட்டைப் பாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. “நீ வந்துட்டுப் போனது நல்லா இருந்துச்சு. நீ நின்னுட்டு இருந்தப்ப நல்லா இல்ல, போனதுக்கப்பறம் நல்லா இருந்துச்சு. ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கறாளேன்னு” என்றார். மாடு கத்துகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

அந்தத் தொடர்கதையை அவர் முடிக்கவே இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் குழுவுக்குத் திரும்பி வந்தார். இப்போது மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கிறார், கேள்வி கேட்கிறார், சின்னச் சின்னதாக ஏதாவது எழுதிப் போடுகிறார். அவரை எழுதச் சொல்லி நாங்கள் யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பது அன்பா, கைவிட்டதா என்று எனக்கும் டீச்சருக்கும் அவ்வப்போது வாக்குவாதம் நடக்கும். முடிவுக்கு வந்ததில்லை.

போன மாதம் சேலத்தில் அம்மாபேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதற்காகத் திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். உரப் பையும் கையுமாக ஒருவர் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். அக்காவின் வீட்டுக்காரர்.

“ஏனுங்க, நீங்க அன்னைக்கு எங்க ஊட்டுக்கு மாறி வந்தவங்கதான? தேடி வந்த ஊடு கெடைச்சுதுங்களா?”

என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், “கெடைச்சுதுங்க” என்று சொல்லிவிட்டேன்.

“நல்லதாப் போச்சுங்க. அவங்க நல்லா இருக்கறாங்களா?”

“நல்லா இருக்கறாங்க.”

அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்த பிறகு, பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். “கதை எழுதுவாங்கன்னு சொன்னீங்களே, இப்பவும் எழுதறாங்களாங்க?”

திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தில் வெறும் விசாரிப்புதான் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

“எழுதறாங்க” என்றேன். “கொஞ்சங் கொஞ்சமா.”

“எழுதட்டும்ங்க” என்றார் அவர்.