ஒன்றாம் வகுப்பில் அக்கா

என் அக்கா ஒன்பது வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். எனக்கு அப்போது ஆறு. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். வேறு யாருக்கும் வாய்க்காத கௌரவம் அது என்று நான் நம்பியிருந்தேன்.

எழுபதுகளில் கேரளத்து உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். அக்கா பேச மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கூழாங்கற்களை வரிசையாக அடுக்குவாள், ஒன்று நகர்ந்துவிட்டால் ஊரே கேட்கும்படி அழுவாள். ஆட்டிசம் என்ற சொல்லை அன்று எங்கள் மலையில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்தில் சிலர் பேய் என்றார்கள், சிலர் கண்ணேறு என்றார்கள். மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் சிஸ்டர் எந்தப் பெயரும் வைக்கவில்லை. என்னைச் சேர்க்கப் போன அன்று, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்து, "மோளும் வரட்டே. படிக்காட்டியும் இங்கே இருக்கட்டும்" என்று தன் மலையாளத் தமிழில் சொன்னார்.

பள்ளிக்கூடத்து மணி அக்காவுக்கு ஆகாது. தண்டவாளத் துண்டில் சுத்தியல் விழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு சிஸ்டர் மணியையே நிறுத்திவிட்டார். நேரமானால் வராந்தாவில் நின்று ஒரு சிவப்புத் துணியை ஆட்டுவார். நாங்கள் சத்தமில்லாமல் வீட்டுக்குக் கிளம்புவோம். மழைக்காலம் வருவதற்குள் அக்கா சிலேட்டில் கோடு போடவும், சிஸ்டரின் கையைப் பிடிக்கவும் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் சிஸ்டருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வந்த டீச்சருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே மணி அடித்தது. நான் திரும்புவதற்குள் அக்கா மழையில் இறங்கி ஓடிவிட்டாள்.

தோட்டமே வேலையை நிறுத்திவிட்டுத் தேடியது. இருட்டும் நேரத்தில் ஓடைக்கரையில் ஏலச்செடிகளுக்கு நடுவே அப்பா அவளைக் கண்டுபிடித்தார். கால் முழுக்க அட்டைகள். அம்மா ஒவ்வொன்றாக உப்புத் தடவி எடுத்தாள்.

மறுநாள் சிஸ்டர் காய்ச்சலோடு லயத்துக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, இனி இப்படி நடக்காது, பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

"உங்க மேல குத்தம் இல்ல சிஸ்டர்" என்றாள் அம்மா. "காட்டுக்குள்ள நிக்கிறப்ப எம்புள்ள எங்க ஓடுதோன்னு நெனச்சா, கை வேலைக்கு வர மாட்டேங்குது."

சிஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

மலைக்குக் கீழே கம்பம் ஊரில் பெரியம்மா வீடு. ஓடையும் காடும் இல்லாத ஊர், நாள் முழுக்க வீட்டில் ஆள் இருக்கும். அக்காவை அங்கே விடுவது என்று முடிவானது. பெரியம்மா கடைசிவரை அவளைப் பாசமாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எதுவும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சில மாதங்கள்தான் அவளுடைய மொத்தப் படிப்பும்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்காவுக்குப் புதுப் பாவாடை, ஜீப்பில் சவாரி, பள்ளிக்கூடம் கிடையாது என்பது மட்டும்தான். நானும் வருவேன் என்று சேற்றில் புரண்டு அழுதேன். சின்னப் பிடிவாதத்துக்கே முதுகில் ஒன்று வைக்கும் அம்மா அன்று என்னை அடிக்கவில்லை. அப்பா அக்காவைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்தபோது, அம்மா என் பக்கத்தில் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்காகத்தான் உட்கார்ந்தாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாக அழுதேன்.